எழுபது மார்க் நர்ஸ்

காலை ஆறு மணிக்குக் கோமதிநாயகத்தின் காதுக்குப் பின்னால் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு. அன்றைய தேவைப் பட்டியல் வந்துவிட்டது. கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல் கைப்பேசியை எடுத்துத் தனக்கு என்ன வேண்டும் என்று வாசித்துத் தெரிந்துகொண்டான்.

‘பராமரிப்பாளர்: திரு. கோமதிநாயகம், வயது 39. நிறைவேறாத தேவைகள்: ஒன்று, ஒரு கிளாஸ் டீ. இரண்டு, அதைக் குடித்து முடிக்கும்வரை யாரும் கூப்பிடாமல் இருத்தல். மூன்று, மழை. இன்றைய குறியீடு நூற்றுக்கு முப்பத்தொன்று.’

“நர்ஸு எங்கல?” என்று கைப்பேசியைக் கேட்டான்.

கைப்பேசி கோபித்துக்கொள்ளவில்லை. ‘தேநீரும் மனநலமும்’ என்று நான்கு நிமிடக் காணொளி ஒன்றை அனுப்பியது. அனுப்பிய கையோடு முதல் தேவைக்கு நேராகப் பச்சையில் ஒரு டிக் விழுந்தது: நிறைவேற்றப்பட்டது.

அவன் எழுந்து போய்த் தானே டீ போட்டான். பால் பொங்கும்போது உள்ளறையிலிருந்து அத்தையின் முனகல் கேட்டது. இரண்டாவது தேவை அத்தோடு ஒழிந்தது. மூன்றாவது தேவைக்குப் பாளையங்கோட்டையில் எந்தத் துறையும் பொறுப்பில்லை.

முற்றிய புற்றுநோய்க்காரர்களை வீட்டில் வைத்துப் பார்க்கும் உறவினர்களுக்கு என்ன வேண்டும் என்று யாருமே கேட்பதில்லை என்பதை அறிஞர்கள் பல வருஷம் பல ஊர்களில் கூடி விவாதித்து, கடைசியில் கேட்பதற்கு ஒரு கருவியைக் கண்டுபிடித்திருந்தார்கள். நாமே போய்க் கேட்டுவிடலாமே என்று அந்தக் கூட்டங்களில் எவருக்கும் தோன்றவில்லை. மதியச் சாப்பாடு நன்றாக இருந்திருக்க வேண்டும். கருவி மிளகளவு கறுப்புப் பொட்டு. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால், மண்டைக்குள் ஓடுகிற ஆசைகளை எல்லாம் வாசித்து, கனத்தின்படி வரிசையாக அடுக்கி, மார்க் போட்டுவிடும். ‘உற்றார் துணைத் திட்டம்’ என்று பெயர். எழுபது மார்க்குக்கு மேல் எடுத்த வீட்டுக்குத் தினமும் காலையில் ஒரு நர்ஸ் வருவார். ஊரில் வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ்கள் அத்தனை பேரையும் திட்டமே வாரிக்கொண்டுவிட்டதால், வெளியே தேடினாலும் ஆள் கிடையாது.

கோமதிநாயகத்துக்கு நர்ஸ் வேண்டும். வேறெதுவும் வேண்டாம், ஒரு நர்ஸ் போதும்.

அவனுடைய மாமியார் பகவதியம்மாளுக்குக் குடலில் புற்றுநோய். ஈரல்வரை ஏறி, இனி ஊசி மருந்து வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி எட்டு மாதம் ஆகிறது. பழைய ஆபரேஷன் தழும்பைப் பிளந்துகொண்டு வயிற்றில் ஒரு புண் வெளியே வந்திருந்தது. தினமும் அதைக் கழுவிக் கட்டு மாற்ற வேண்டும். மகள் சௌந்தரி, கோமதிநாயகத்தின் மனைவி, மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள். விடுப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மகன் பிரசன்னா பெங்களூரில் இருக்கிறான். பேட்டரி ஆட்டோ பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டோடு இருப்பவன் மருமகன் ஒருவன்தான்.

சிக்கல் அங்கேதான். பகவதியம்மாள் மருமகன் எதிரில் நாற்காலியில்கூட உட்கார்ந்ததில்லை. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சௌந்தரி இருந்தவரை அவள் வழியாகப் பேச்சு நடந்தது. அவள் மஸ்கட் போனபின் அந்த உத்தியோகம் பிரிட்ஜுக்கு வந்தது.

“மாப்பிள்ளை சாப்பிட்டாகளா என்னன்னு தெரியலையே” என்பாள் பிரிட்ஜைப் பார்த்து.

“சாப்பிட்டாச்சுன்னு சொல்லு” என்பான் இவனும் பிரிட்ஜிடம்.

பிரிட்ஜ் இருவருக்கும் பொதுவாக ஓர் உறுமல் உறுமும்.

இந்த மரியாதைக்காரியிடம் போய், வயிற்றுச் சேலையை விலக்குங்கள், கட்டுப் போடுகிறேன் என்று எந்த மருமகன் சொல்வான்? ஆகவே தினமும் காலையில் அவளே பஞ்சும் துணியும் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துக் குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். நாற்பது நிமிடம். நடுங்குகிற கையால் தன் புண்ணைத் தானே கழுவுகிற சத்தம் வரும். இவன் வெளியே கதவையே பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த நாற்பது நிமிடத்துக்கு மட்டும் ஒரு பெண்பிள்ளை வந்தால் போதும் என்பதுதான் அவன் கோரிக்கை.

உதவிக்கு ஆளே வரவில்லை என்று சொல்லக்கூடாது. சொந்தக்காரர்கள் முறை வைத்து வந்தார்கள். வந்தவர்கள் ஆரஞ்சு கொண்டுவந்தார்கள், கொண்டுவந்த ஆரஞ்சை அவர்களே உரித்துத் தின்றார்கள், பப்பாளி இலைச் சாற்றில் எழுந்து நடந்த யாரோ ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள், காபியில் சர்க்கரை தூக்கல் என்றும் சொன்னார்கள். கட்டு மாற்றும் நேரம் வந்தால், பஸ்ஸுக்கு நேரமாவது அவர்களுக்குச் சட்டென்று நினைவு வரும்.

பிரசன்னா ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் வருவான். “அத்தான், அம்மாகிட்ட பாசிட்டிவா பேசுங்க. நெகட்டிவ் எனர்ஜி வீட்டுக்குள்ள வரவே கூடாது.”

“நீ ஒரு தடவை வந்துட்டுப் போயேன். ஒன்னேகால் மணி நேர பிளைட்டுதானே?”

“அம்மாவ அந்த நெலமைல பாக்குற சக்தி எனக்கு இல்ல அத்தான். நான் ரொம்ப சென்சிட்டிவ்.”

அந்தச் சக்தி மருமகன்களுக்குப் பிறவியிலேயே கொடுத்து அனுப்பப்படுகிறது என்று அவன் நினைத்திருக்கலாம்.

திட்டத்திலிருந்து ஒரு நாள் யாழினி என்ற அலுவலர் வந்தாள். இருபத்தைந்து வயது. செய்தி வாசிப்பவரைப்போலச் சுத்தமாகப் பேசினாள். கையில் ஒரு பலகைக் கணினி, முகத்தில் பயிற்சி வகுப்பில் கொடுத்த புன்னகை.

“உங்கள் முன்னேற்றம் பாராட்டுக்குரியது சார். போன மாதம் நாற்பத்தைந்து. இந்த மாதம் முப்பத்தொன்று. உங்கள் நிறைவேறாத தேவைகள் வேகமாகக் குறைந்துவருகின்றன.”

“ஒன்னுமே நிறைவேறலையேம்மா.”

“எல்லாவற்றுக்கும் டிக் விழுந்திருக்கிறதே சார்?”

“தூக்கம் வேணும்னு வந்ததுக்கு நல்லாத் தூங்குறது எப்படின்னு வீடியோ அனுப்புனீங்க. அதை முழுசா பாக்கணும்னா அரை மணி நேரம் முழிச்சிருக்கணும்.”

“காணொளி சென்று சேர்ந்ததல்லவா? சேர்ந்தால் நிறைவேறியது என்று பொருள்.”

கோமதிநாயகம் மூச்சை இழுத்துவிட்டான். “சரி. எனக்கு வேண்டியது ஒரு நர்ஸ். வாயால சொல்லுதேன், எழுதியும் தாரேன். அத எழுதிக்கோங்க.”

“வாயால் சொல்வதை நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை சார். மனிதர்கள் பெருமைக்காகவும் பயத்துக்காகவும் கேட்பார்கள். பொட்டு மூளையைத்தான் கேட்கும். உங்கள் மூளை நர்ஸ் கேட்கவில்லை. டீ கேட்கிறது.” அவள் பலகையைத் திருப்பிக் காட்டினாள். “டீயும் மழையும் கேட்கிற மனது ஆரோக்கியமான மனது.”

“நர்ஸு கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் அது டீயில வந்து நிக்குது. போன மாசம் பாருங்க, நர்ஸ்னு இருக்கும்.”

“இருந்தது. அதற்கு ‘வீட்டிலேயே செவிலியராகுங்கள்’ கையேடு அனுப்பி, டிக் விழுந்துவிட்டது.” பைக்குள் கைவிட்டு ஓர் அட்டையை எடுத்தாள். “இது உங்களுக்கு. ‘நிறைந்த மனத்துப் பராமரிப்பாளர்’ சான்றிதழ். இந்த மாதம் மாவட்டத்தில் நான்கு பேருக்குத்தான் கொடுக்கிறோம்.”

அவன் வாங்கிக்கொண்டான். அட்டை கெட்டியாக இருந்தது. பிறகு ஆடுகிற மருந்து மேசைக் காலுக்கு அண்டக்கொடுக்கப் பயன்பட்டது. திட்டத்திலிருந்து வந்தவற்றுள் உருப்படியான உதவி அதுவே.

அவள் போனபின் கோமதிநாயகம் யோசித்தான். மார்க் வேண்டும் என்றால் கஷ்டம் கூட வேண்டும். இரண்டு நாள் டீயை நிறுத்தினான். தரையில் படுத்தான். குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பா அனுப்பியிருந்த குரல் செய்திகளை, எல்லாம் அவன் செயல் என்று முடிகிற பதினேழையும், ஒன்றுவிடாமல் கேட்டான். மூன்றாம் நாள் காலை பட்டியல் வந்தது. ‘ஒன்று, டீ. இரண்டு, டீ. மூன்று, டீ.’ குறியீடு இருபத்திரண்டு.

அவ்வளவு எளிமையான மனிதனை மாவட்டத்திலேயே பார்த்ததில்லை என்று பொட்டு நினைத்திருக்க வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை குளியலறைக்குள் எவர்சில்வர் கிண்ணம் விழுந்து உருண்டது. அதற்குப்பின் ஒரு சத்தமும் இல்லை.

“அத்தை!”

கதவைத் தோளால் மோதினான். தாழ்ப்பாள் ஆடியது.

“உள்ள வராதீங்க.” மெல்லிய குரல். “மாப்பிள்ளை, உள்ள வராதீங்க. விழல. உக்காந்திருக்கேன்.”

கோமதிநாயகம் அப்படியே நின்றான். பதினொரு வருஷத்தில் அவனை நோக்கி அவள் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. நடுவில் பிரிட்ஜ் இல்லை, கதவுதான் இருந்தது.

“எந்திரிக்க முடியுமா?”

“கொஞ்சம் கழிச்சு.”

அவன் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். உள்ளே அவளும் அதே கதவில்தான் சாய்ந்திருந்தாள் என்பது அவள் மூச்சு கேட்ட இடத்திலிருந்து தெரிந்தது.

“மாப்பிள்ளை, அந்தப் பொட்டுக்காரப் பிள்ளை சொன்னதெல்லாம் கேட்டேன். எழுவது வேணுமாக்கும்?”

“ஆமா.”

“நீங்க எவ்வளவு?”

“இருவத்திரெண்டு.”

உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா முனகலா என்று பிரிக்க முடியவில்லை. “நான் முப்பது வருசம் யுனிவர்சிட்டி பரிச்ச செக்‌ஷன்ல இருந்தவ. இருவத்திரெண்டு எடுத்தவன எழுவது எடுக்க வைக்க ஒரே வழிதான் உண்டு. ஆள் மாத்தி எழுதணும். அந்தப் பொட்ட எங்கிட்ட தாங்க.”

“அத்தை, அது தப்பு. கண்டுபிடிச்சா திட்டத்துலேருந்தே தூக்கிருவாங்க.”

“தூக்கட்டும். இப்ப என்ன தாங்கிக்கிட்டா இருக்காங்க? என் வலிக்கு எழுவது என்ன, நூத்துக்கு நூறு விழும். செண்டம்.” பேச்சு நின்று, மூச்சு வாங்கி, மறுபடி வந்தது. “கதவுக்கு அடியில சந்து இருக்கு. தள்ளி விடுங்க.”

கோமதிநாயகம் காதுக்குப் பின்னால் நகத்தை விட்டுப் பொட்டைப் பெயர்த்தான். கதவின் அடியில் தள்ளினான். உள்ளே வளையல் ஒருமுறை ஒலித்தது.

மூன்றாம் நாள் காலை ஒரே வரியில் செய்தி வந்தது. குறியீடு தொண்ணூற்று நான்கு. செவிலியர் ஒதுக்கப்பட்டார். நாளை காலை ஒன்பது மணி.

“ஆறு மார்க்கு எங்க போச்சாம்?” என்றாள் பகவதியம்மாள். மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கும் முகத்தோடு.

மரிய புஷ்பம் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டாள். தூத்துக்குடிப் பக்கம். நாற்பது வயதுக்கு மேல். தோளில் ஒரு பெரிய பை. செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, கோமதிநாயகத்தின் தோளைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

“படுங்க அண்ணாச்சி.”

“நானா? எதுக்கு?”

“பேஷண்டு படுக்காம வேற யார் படுப்பா?”

“பேஷண்டு அவங்க. நான் மருமகன்.”

மரிய புஷ்பம் தன் கையிலிருந்த உத்தரவைப் பார்த்தாள். நாற்காலி விளிம்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த கிழிந்த நாராகிப்போன பெண்ணைப் பார்த்தாள். கட்டிலில் வாட்டசாட்டமாக இருந்தவனைப் பார்த்தாள். நீண்ட நாள் சர்க்கார் காகிதத்தோடு குடித்தனம் நடத்தியவர்களுக்கு வருகிற பெருமூச்சு ஒன்று அவளிடமிருந்து வந்தது.

“நோயாளி கோமதிநாயகம். குடல் புற்றுநோய், முற்றிய நிலை. பராமரிப்பவர் பகவதி. இப்படித்தான் போட்டிருக்கு. பொட்ட மாத்தி ஒட்டுனீகளா?”

இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

“மாத்தி ஒட்டுனா அது சண்டைக்கு வராது அண்ணாச்சி. மண்டை மாறிட்டுன்னு தெரிஞ்சதும், பாத்துக்கிடுற ஆள் மாறிட்டாங்கன்னு அதுவா எழுதிக்கிடும். அப்புறம் அந்த மண்டை யாரை நெனச்சுக் கவலப்படுதோ அவங்கதான் நோயாளி. ஒரு வீட்டுக்கு ஒரு கோப்பு, ஒரு கோப்புக்கு ஒரு நோயாளி. ஏற்கனவே இருந்த வியாதிய உங்க பேர்ல ஏத்திட்டு.”

“என்னை நெனச்சா?” என்றான் கோமதிநாயகம். “அவங்க வலியத்தானே வாசிச்சிருக்கணும்?”

மரிய புஷ்பம் உத்தரவின் பின்பக்கத்தைத் திருப்பி, மளிகைச் சாமான் பட்டியல் படிப்பதுபோலப் படித்தாள்.

“ஒன்னு, மாப்பிள்ளை சேர்ந்தாற்போல மூணு மணி நேரம் தூங்க வேண்டும். ரெண்டு, தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும். மூணு, முதுகுப் பிடிப்போடு என்னைத் தூக்கக் கூடாது. நாலு, பட்டறையைத் திறக்க வேண்டும். அஞ்சு, அழுகிறதென்றால் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழ வேண்டாம், தண்ணீர் வீணாகிறது. ஆறு, சௌந்தரியிடம் போனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொய் சொல்வதை…”

“போதும் சிஸ்டர்” என்றாள் பகவதியம்மாள்.

“வலி பதினாலாவதா வருது” என்று முடித்துவிட்டுக் காகிதத்தை மடித்தாள் மரிய புஷ்பம்.

பகவதியம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். “அந்த மெஷினுக்கு விவஸ்தையே இல்ல. நான் வலியத்தான் நெனச்சேன். மூணு நாளும் கண்ண மூடிக்கிட்டு அதையேதான் நெனச்சேன்.”

குழாய் சமாச்சாரம் வெளியே கேட்டிருக்கிறது என்று கோமதிநாயகத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

“சட்டப்படி நான் தொடலாம்னா நோயாளிய மட்டுந்தான்” என்றாள் மரிய புஷ்பம். “பராமரிக்கிறவங்களுக்கு அறிவுரை சொல்லலாம். ஒரு சின்னப் புத்தகம் கொடுக்கலாம்.” அவள் பார்வை பகவதியம்மாளின் சேலையில் ஊறியிருந்த ஈரத்தில் நின்றது. மறுபடி ஒருமுறை போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள். “கட்டு மாற்றப்பட்டதுன்னு எழுதச் சொல்லியிருக்கு. எந்த வயித்துலன்னு எழுத அதுல எடமே விடல. அண்ணாச்சி, நான் இருக்குற வரைக்கும் நீங்க அந்தக் கட்டில விட்டு எறங்கப்பிடாது. பேஷண்டு படுத்திருந்தான்னு எழுதணும். நான் பொய் எழுத மாட்டேன்.”

உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது. நாற்பது நிமிடம் எடுத்த வேலை பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்து பார்த்தபோது முற்றிய நிலை நோயாளி வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

ஐந்து நாள் இப்படி நன்றாகவே போனது. ஆறாம் நாள், திட்டம் தன் கடமையில் இன்னொன்றைச் செய்தது: நோயாளியின் விவரம் மாறியிருப்பதாக உறவினர்கள் எல்லோருக்கும் அறிவிப்பு அனுப்பியது. மஸ்கட்டிலிருந்து சௌந்தரி அலறிக்கொண்டு கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் ஒரு நிமிடம் சிரித்தாள், பிறகு நெடுநேரம் அழுதாள், பிறகு “நீங்க சாகாதீங்க, என்ன?” என்று சொல்லி வைத்தாள். அவளுக்கு விளக்கம் சொல்ல முடிந்தது. பிரசன்னாவுக்கு முடியவில்லை. அவன் காதால் கேட்கிற ரகம் இல்லை.

“அத்தான், உங்களுக்கும் வந்துருச்சுன்னு மெசேஜ் வந்துருக்கு. அதுக்கு நான் வருத்தப்படுறேன். ஆனா எங்கம்மா உங்களப் பாத்துக்குறாங்கன்னு போட்டுருக்கே, அது என்ன? எங்கம்மா ஒரு கேன்சர் பேஷண்ட்! அவங்க உங்களுக்கு வேலைக்காரியா?”

“பிரசன்னா, நான் சொல்லுதத…”

“நீங்க ஒன்னும் சொல்ல வேணாம். பெத்த பிள்ள நான் ஒருத்தன் உசுரோட இருக்கேன். அந்தத் திட்டத்துக்கு கம்ப்ளெயிண்ட் போட்டாச்சு. நாளைக்குக் காலைல முதல் பிளைட்ல வர்றேன்.”

வைத்துவிட்டான். கோமதிநாயகம் திரும்பக் கூப்பிடப் போனான். பகவதியம்மாள் படுக்கையிலிருந்து கையைக் காட்டித் தடுத்தாள்.

“வரட்டும் மாப்பிள்ளை. எட்டு மாசம் கழிச்சு வாரான். வர்ற காரணத்தக் கெடுக்காதீங்க.”

“புகார் போட்டிருக்கான் அத்தை. உங்க பேர எடுத்துட்டா நர்ஸ் போயிரும்.”

“தெரியும்” என்றாள். மறுநாள் காலையில் அவளே சீப்பைக் கேட்டு வாங்கித் தலை வாரிக்கொண்டாள். நல்ல சேலை எடுக்கச் சொன்னாள்.

பிரசன்னா ஒன்பதரை மணிக்கு வந்தான். வாசலிலேயே முகக் கவசம் மாட்டிக்கொண்டான், புற்றுநோய் தும்மலில் பரவும் என்பதுபோல. முதலில் கட்டிலில் இருந்த அத்தானைப் பார்த்தான். ஐந்து நாள் தூக்கமும் மூன்று வேளைச் சாப்பாடும் சேர்ந்து கோமதிநாயகத்தின் கன்னத்தில் மினுமினுப்பு ஏறியிருந்தது.

“ஆளே பாதியாயிட்டீங்களே அத்தான்” என்று தழுதழுத்தான்.

பிறகு, எதிரே போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த அம்மாவிடமிருந்து மூன்றடி தள்ளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவள் நெற்றிக்குக் கீழே அவன் பார்வை இறங்கவே இல்லை.

“ம்மா, நல்லா இருக்கீங்களே! நான்தான் சொன்னேன்ல, பாசிட்டிவா இருந்தா போதும்னு.”

“ஆமாடா. நீ சொன்னதுதான்.”

“இவர இனிமே நீங்க பாக்கக்கூடாது. நான் விடமாட்டேன்.”

“பின்ன யாரு பாப்பா?”

அதற்குள் அவன் கைப்பேசி ஒலித்தது. திரையில் யாழினி, அதே புன்னகை. பஞ்சை எடுத்துக்கொண்டு உள்ளறையிலிருந்து வந்த மரிய புஷ்பம் அங்கேயே நின்றுவிட்டாள். கோமதிநாயகம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். ஐந்து நாளில் அத்தை இரண்டு முறை சிரித்திருந்தாள், ஒரு முறை இட்லி கேட்டிருந்தாள். எல்லாம் இந்த ஒரு போனில் இருந்தது.

“புகாருக்கு நன்றி சார்” என்றாள் யாழினி. “நீங்கள் சொல்வது முற்றிலும் நியாயம். உடல்நலமில்லாத தாயார் இன்னொரு நோயாளியைப் பராமரிக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. இப்போதே அவர் பெயரை நீக்கிவிடலாம்.”

“அதத்தான் நானும் சொல்றேன். மனிதாபிமானம்னு ஒன்னு வேணும் மேடம்.”

“கட்டாயம் வேண்டும் சார். நீக்கினால் பதிலுக்கு ஒரு பெயர் வேண்டும். இல்லாவிட்டால் கோப்பு மூடிவிடும்; செவிலியர் இன்றோடு நின்றுவிடுவார். அந்த வீட்டுக்கு நெருங்கிய உறவு, உடல்நலம் உள்ளவர், இப்போது நேரில் இருப்பவர் என்று பார்த்தால் நீங்கள்தான். திரையில் கட்டைவிரலை வைத்தால் போதும்.”

பிரசன்னாவின் விரல் அசையவில்லை. “நானா? வச்சா என்ன செய்யணும்?”

“கூடவே இருக்க வேண்டும் சார்.”

“கூடன்னா? வாரக் கடைசிலயா?”

“வாரம் முழுக்க.”

“எவ்வளவு நாளைக்கு?”

“முடியும்வரை.”

“எது முடியும்வரை?”

யாழினிக்குப் பயிற்சி வகுப்பில் அந்தக் கேள்விக்கு விடை கொடுத்திருக்கவில்லை. புன்னகையை மட்டும் சற்று அகலமாக்கினாள். பிரசன்னா அம்மாவைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான், மரிய புஷ்பத்தின் கையிலிருந்த பஞ்சைப் பார்த்துச் சட்டென்று முகத்தைத் திருப்பினான்.

“இல்ல மேடம், நான் ஆக்சுவலா என்ன சொல்ல வந்தேன்னா…” அவன் குரலிலிருந்து மனிதாபிமானம் மெதுவாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. “ஆபீஸ்ல இப்ப ஒரு முக்கியமான கட்டம். எனக்குக் கீழ பன்னெண்டு பேர் இருக்காங்க. அதுவும் போக, அம்மா ரொம்ப ஸ்ட்ராங் லேடி. பாருங்க, தலையெல்லாம் வாரி, எவ்வளவு பிரெஷ்ஷா இருக்காங்க. ஒருத்தரப் பாத்துக்குற வேலை இருக்குறதாலதான் அவங்க மனசு தெம்பா இருக்கோ என்னவோ. அதப் போய்ப் புடுங்குறது தப்பு இல்லையா?”

“அப்படியானால் புகாரைத் திரும்பப் பெறுகிறீர்களா?”

“ஆமா.”

“அதற்கும் கட்டைவிரல்தான் சார்.”

இந்த முறை விரல் தாமதிக்கவில்லை. திரையில் பச்சை டிக் விழுந்தது.

கோமதிநாயகம் கட்டில் சட்டத்திலிருந்து கையை எடுத்தான். நர்ஸ் இனிப் போக மாட்டாள்; சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவன் அத்தையின் முகத்தைப் பார்த்தான், பார்த்திருக்க வேண்டாம் என்று நினைத்தான். அவள் மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விடைத்தாளைத் திருத்தி முடித்து, கூட்டல் போடப் போகிறவளின் பார்வை அது.

“பிளைட்டு எத்தன மணிக்குடா?”

“ரெண்டு மணிம்மா. ஆனா தூத்துக்குடி போகணும்ல. செக்-இன் வேற…”

“அப்ப கெளம்பு. ரோட்டுல எங்கயாவது மாட்டிக்கிடப்போற.”

பிரசன்னா எழுந்தான். அம்மாவின் காலைத் தொட வந்தவன், போர்வையின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “அம்மாவ நல்லாப் பாத்துக்கச் சொல்லுங்க அத்தான்” என்றான் கோமதிநாயகத்திடம். யாரை யார் பார்த்துக்கொள்ள, யார் யாரிடம் சொல்வது என்று அவனுக்கே குழம்பி, “உடம்பப் பாத்துக்குங்க எல்லாரும்” என்று பொதுவாக முடித்தான். வாசலைத் தாண்டியதும் முகக் கவசத்தைக் கழற்றி, நன்றாக மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

கார் போன சத்தம் ஓய்ந்தது. மரிய புஷ்பம் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, அன்றைய அறிக்கையை எழுத உட்கார்ந்தாள்.

“சிஸ்டர்” என்றாள் பகவதியம்மாள். “பாக்க வந்தவங்கன்னு அதுல ஒரு கட்டம் இருக்குமே?”

“இருக்கும்மா. கடைசிப் பக்கத்துல.”

“அவன் பேரையும் அதுல எழுதிக்கிடுங்க.”

மரிய புஷ்பம் எழுதினாள். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. “உறவுமுறைன்னு கேக்குதே. என்னன்னு போட?”

பகவதியம்மாள் நல்ல சேலையின் தலைப்பை நீவிவிட்டாள்.

“பெங்களூருன்னு போட்டுக்கோங்க.”